சனிக்கிழமை யார் முறை

கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். மூடித்தான் ஆக வேண்டும். பிர்ச் மரச் சாம்பலை இரண்டு நாள் ஊறவைத்து வடித்த நீர் இது, அழுக்கை எடுக்கிற வேகத்தில் கண்ணையும் எடுத்துவிடும். தலையில் இரண்டு கைகள். இடது கை மெத்தென்று இருக்கிறது. வலது கை சொரசொரப்பு, மரப்பட்டையை வைத்துத் தேய்க்கிற மாதிரி. அந்த வலது கையை நார்வே முழுக்க அறியும். சிவக்கக் காய்ச்சிய இரும்பைச் சுமந்து, நானும் ராஜா கெட்டிலின் மகன்தான் என்று நிரூபித்த கை. என் அண்ணன் ஸ்டெய்னாரின் கை. எங்களுக்கு அப்பா ஒருவர், அம்மா வேறு வேறு. அப்பா விட்டுப்போன இருக்கை ஒன்று, அதில் ஒரு பாதி அவன், இன்னொரு பாதி ஔதுன் ஆகிய நான். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். பத்தொன்பது வருஷமாக இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்று கேட்கக் கூடாது, இருக்கிறோம், அவ்வளவுதான். இருப்பதற்குத்தான் இந்தக் குளியல். ராஜ்ஜியத்தைப் பிரிக்காமல் இருவருக்கும் கொடுத்தபோது பொதுச்சபை விதித்த நிபந்தனை இது: இரண்டு ராஜாக்களும் ஒரே ஊரில் இருக்கிற சனிக்கிழமைகளில் ஒரே குளியல் குடிலில், கையில் ஆயுதம் இல்லாமல், கூட ஆள் இல்லாமல், ஒருவர் தலையை மற்றவர் கழுவிவிட வேண்டும். வாரா வாரம் ஈரத் தலையைக் கையில் ஏந்துகிறவன் அந்தத் தலையை வெட்ட மாட்டான் என்று யோசித்திருக்கிறார்கள். யோசித்தவர் நல்லவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர்களே இல்லாதவராக இருக்க வேண்டும். முதலில் தலை கழுவப்பட்டவன் முதலில் வெளியே போவான். முடி உறைந்துவிடாமல் கம்பளித் துண்டால் முகம் மறைய முக்காடு போட்டுக்கொண்டு, முற்றத்தில் இருபது அடி நடந்து, மண்டபத்தில் மற்றவனுக்குத் தன் கையால் பார்லி மது ஊற்றி வைப்பான். ஒரு வாரம் அவன் முதல், ஒரு வாரம் நான் முதல். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்கு அவன் முறை. அப்படித்தான் நான் சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். வியாழக்கிழமை படகுத்துறையில் காற்று வீசிக்கொண்டிருந்தது, ஐவிண்ட் என் பக்கத்தில் நடந்து வந்தார். ஐவிண்ட் என்னை வளர்த்தவர். அப்பா செத்த வருஷம் எனக்கு ஐந்து வயது, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ச் சபையில் காட்டியது அவர்தான், அவர் மகன் ஹெல்கியும் நானும் ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்தோம். போன இலையுதிர் காலத்தில் இந்தத் துறையில் யாருடைய கப்பல் உள்பக்கம் கட்டுவது என்று என் ஆட்களும் ஸ்டெய்னார் ஆட்களும் அடித்துக்கொண்டதில் பதினான்கு பேர் செத்தார்கள். ஒருவன் ஹெல்கி. கப்பல் கட்டுகிற கயிறு இன்னும் அவன் கையில் இருந்தது. அதிலிருந்து ஐவிண்ட் அதிகம் பேசுவதில்லை. பேசினால் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பார். வியாழக்கிழமையும் கேட்டார்: "ராஜா, வர்ற சனிக்கிழமை யாரு முறை?" நான் கடலைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டெய்னார் முறை" என்றேன். "அவருதான் முதல்ல வெளிய வருவாரு?" "ஆமா." அவ்வளவுதான். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். வெட்டு என்று சொன்னேனா? விறகு அடுக்குக்குப் பின்னால் நில் என்று சொன்னேனா? முக்காடு போட்டிருப்பான், முகம் தெரியாது, முதலில் வருகிறவன்தான் என்று சொன்னேனா? சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார், நான் கடலைப் பார்த்தேன், ஒரு கடற்பறவை மீன் குடலைக் கொத்திக்கொண்டு ஓடியது. மூன்று நாளாக அந்தப் பறவையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றதை நினைக்கப் போகும்போதெல்லாம் அது குறுக்கே ஓடுகிறது.

ஆனால் இப்போது முக்காலியில் உட்கார்ந்திருப்பது நான். எப்படி உட்கார்ந்தேன்? உள்ளே வந்ததும் முக்காலியைக் காட்டி, "உட்காரு அண்ணா, உன் முறை" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தான். "என் முறையா? போன தடவை நான்தானடா முதல்ல." போன வாரம் அவன் ஊரில் இல்லை, வடதீவுகளுக்குப் போயிருந்தான், நான் தனியாகக் குளித்தேன். தனியாகக் குளித்தாலும் என் முறை கழிந்தது கழிந்ததுதானே என்று நான் வைத்திருந்தேன். "ஆளே இல்லாத வாரம் எப்படி முறையில சேரும்?" என்றான் அவன். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கல் அடுப்புப் பக்கம் இருந்து ஆசா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "சேராது. பெரிய ராஜா சொல்றதுதான் சரி. போன வாரம் உங்க தலைய நான்தான் கழுவினேன், சின்ன ராஜா. நான் கழுவினா அது வெறும் குளியல்." ஆசா இந்தக் குடிலின் குளியல்காரி, நாற்பது வயது, கையை விட வாய் வேகம். ஆள் இல்லாமல் குளிக்க வேண்டும் என்ற சட்டம் அவளை மட்டும் ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவள் பத்தொன்பது வருஷமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? இல்லை, நீதான் முதலில் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தால் அது பதில் சொல்வது ஆகாது. அது வேறு வேலை.

ஆக, நிலைமை இதுதான். இவன் என் தலையைக் கழுவுவான், பிறகு நான் இவன் தலையைக் கழுவுவேன், பிறகு நான் முக்காடு போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போவேன், என்னை நடக்கப் பழக்கிய மனிதர் என் கழுத்தில் கோடரியைப் போடுவார். இதை நினைக்கும்போது பயம் வரும் என்று பார்த்தேன். முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு ராஜா தன் சாவை இவ்வளவு அசட்டுத்தனமாகவா ஏற்பாடு செய்துகொள்வான்? யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று தெற்கே போய் வந்தவர்கள் சொல்வார்கள், அதற்காவது நாலு பேர் பார்க்கத் துதிக்கை இருக்கிறது. பயம் பிறகு வந்தது. கல்லில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஆவி முகத்தில் அடிக்கிறது. மூக்கில் பிர்ச் இலை வாசம். இவன் விரல்கள் நெற்றியிலிருந்து பின்னுக்குப் போகின்றன, பின்னிலிருந்து காதுக்கு வருகின்றன, ஒரே அளவு அழுத்தம், அவசரம் இல்லை. இவன் எதையுமே அவசரமாகச் செய்ய மாட்டான். இரும்பைச் சுமந்தபோதும் ஓடவில்லை. ஒன்பது அடி நடக்க வேண்டும் என்பது விதி, ஓடுகிறவர்களும் உண்டு, இவன் கோயிலுக்குப் போகிறவன் நடக்கிற நடையில் நடந்தான். முக்காடு போடாமல் போனால் என்ன? இப்போதுதான் தோன்றுகிறது. இவ்வளவு எளிய விஷயம். வெறும் தலையோடு போனால் ஐவிண்டுக்கு என் முகம் தெரியும், கோடரியை இறக்கிவிடுவார், முடி கொஞ்சம் உறையும், மண்டபத்தில் நெருப்பு இருக்கிறது, உருகிவிடும். உயிர் பிழைத்தேன். பிழைத்ததும் உடம்பு தானாகக் கொஞ்சம் தளர்ந்தது. இவன் கவனித்திருப்பான். தலையைப் பிடித்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. ஆசா விறகோடு வருகிறாள், கட்டைகளைத் தரையில் போடுகிற சத்தம். "சின்ன ராஜா, விறகு அடுக்குக்குப் பின்னால உங்க ஐவிண்டும் நாலு பேரும் நிக்கிறாங்க. இந்தக் குளிர்ல அங்க என்ன வேலை? கேட்டா, உன் சோலியப் பாத்துட்டுப் போங்கிறாரு." என் தலையில் இருந்த கைகள் நின்றன. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு. என் மூச்சு நின்றுவிட்டதால் அவன் மூச்சை வைத்துத்தான் அளந்தேன். "நாய் ஒண்ணு காணோம்" என்றேன். உதட்டோரம் சாம்பல் நீர் இறங்கிக் கசந்தது. "எந்த நாய்?" என்றாள் அவள். "கருப்பு நாய்." "உங்ககிட்டக் கருப்பு நாயே கிடையாதே." ஒரு நாட்டில் ராஜாவாக இருந்து என்ன பயன், குளியல்காரிக்கு என் நாய்களின் நிறம் தெரிகிறது. "ஆசா," என்றான் ஸ்டெய்னார், "தலை அலச நல்ல தண்ணி இல்ல. ஊத்துக்குப் போய் ரெண்டு வாளி கொண்டா." "ரெண்டு வாளி இங்கயே இருக்கே." "இன்னும் ரெண்டு வேணும்." அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். கைகள் மறுபடி நகர ஆரம்பித்தன, விட்ட இடத்திலிருந்து, இடது காதுக்குப் பின்னால். அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புரிந்துகொண்டானா? புரியாமல் இருக்க அவன் முட்டாள் இல்லை. புரிந்திருந்தால் இந்த விரல்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? என் தொண்டை அவன் கைக்கு ஒரு சாண் தூரம். ஆயுதம் இல்லைதான், ஆனால் இந்தத் தொட்டி இருக்கிறது, முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கப் போனேன். பறவை குறுக்கே ஓடியது.

அவன் வந்த நாள் மழை. எனக்கு எட்டு வயது, மூன்று வருஷமாக ராஜா. மேற்குத் தீவுகளிலிருந்து ஒரு சின்னக் கப்பல் வந்தது, அதில் பெத்தோக் என்று ஒரு பெண், உயரமாக, நனைந்த செம்பட்டை முடியோடு, பதினைந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். இவன் கெட்டிலுக்குப் பிறந்தவன் என்றாள். நான் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு ஓக் மரம், இரண்டு பக்கமும் செதுக்கின தூண், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ராஜாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூட முடியாது. ஹெல்கி கீழே படியில்தான் உட்காருவான், அவனோடு பேச வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும். என் கால் தொங்கிக்கொண்டிருக்கும். விருந்து முடிகிறவரை தொங்கித் தொங்கி மரத்துப்போய்விடும், இறங்கும்போது ஐவிண்ட் தூக்கித்தான் விடுவார். அந்தப் பையன் இருக்கையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான். இரும்பைச் சுமந்து காட்டட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், சுமந்தான். பிஷப் கையைத் துணியால் கட்டி மெழுகு முத்திரை வைத்தார். மூன்றாம் நாள் அவிழ்க்கும்போது புண் சுத்தமாக இருந்தால் கடவுள் ஆமாம் என்கிறார், சீழ் பிடித்திருந்தால் இல்லை என்கிறார். இல்லை என்றால் தாயும் மகனும் பொய்யர்கள், கடலில் தள்ளிவிடலாம். மூன்றாம் நாள் தேவாலயத்தில் கால் வைக்க இடமில்லை. பிஷப் கட்டை அவிழ்த்தார். அவருக்கு அப்போதே பார்வை மங்கல், மூக்கு மங்கல் இல்லை. ஒரு நொடி முகத்தைத் திருப்பினார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ராஜா பாக்கட்டும்" என்றார். "என்ன தெரியுது, சொல்லுங்க." நான் குனிந்து பார்த்தேன்.

மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் பச்சை. அழுகின மீன் நாற்றம். "சுத்தமா இருக்கு" என்று சொன்னேன். பிஷப் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பிறகு துணியை மறுபடி சுற்றிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து உரக்க, "சுத்தம்!" என்றார். மக்கள் ஆரவாரித்தார்கள். பெத்தோக் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படித்தான் நார்வேக்கு இரண்டாவது ராஜா கிடைத்தான். பிஷப் செத்துப் பன்னிரண்டு வருஷம். இதெல்லாம் ஐவிண்டுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் மூக்கு எதையோ மோப்பம் பிடித்திருக்கிறது, குருட்டு பிஷப்பை வைத்து ஏமாற்றிவிட்டார்கள், அவன் கெட்டிலுக்குப் பிறந்தவனே இல்லை என்று ஹெல்கி செத்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. எட்டு வயதில் இரண்டு சொல் சொன்னேன், பத்தொன்பது வருஷம் கழித்து இரண்டு சொல் சொன்னேன். முதல் இரண்டு சொல்லில் இவன் ராஜாவானான். இரண்டாவது இரண்டு சொல்லில் இவன் பிணமாவதாக இருந்தது. நடுவில் பதினான்கு பேர் செத்தது முதல் இரண்டு சொல்லால்தான். ஹெல்கியும் அதில்தான் செத்தான். அப்படிப் பார்த்தால் ஐவிண்ட் கோடரியோடு காத்திருக்க வேண்டிய ஆள் நான்தான், அவருக்குத் தெரியாமலே சரியான கழுத்துக்குத்தான் காத்திருக்கிறார். இந்த நினைப்பில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சிரிப்புகூட வந்தது.

"ஔதுன்." "ம்." "கட்டை அவுத்த அன்னைக்கு என் கை நாறிச்சு." அவன் குரல் சற்றும் மாறவில்லை, விரல்கள் உச்சந்தலையில் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. "ரெண்டாம் நாளே நாறிடுச்சு. ராத்திரி பூரா மோந்து மோந்து பாத்தேன். எங்கம்மா பொய் சொல்லிட்டா போலிருக்கு, நாளைக்கு ரெண்டு பேரையும் கடல்ல போடுவாங்கன்னு படுத்திருந்தேன். நீ வந்து குனிஞ்சு பாத்த. உன் மூக்கு சுருங்குச்சு. நான் பாத்தேன். அப்புறம் சுத்தமா இருக்குன்ன." நான் வாயைத் திறந்தேன். "திறக்காதே, உள்ள போயிடும்," என்றான். பேச்சை எடுத்துவிட்டு வாயையும் மூடச் சொல்கிறான். "பத்தொன்பது வருஷமா கேக்கணும்னு இருக்கேன். ஏன் அப்படிச் சொன்ன? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" தலையை அசைத்தேன். "பாவம்னா?" மறுபடி அசைத்தேன், அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. நல்ல தண்ணீர் தலையில் விழுந்தது, ஒன்று, இரண்டு, மூன்று குவளை, காதுக்குள் உலகம் அடைத்துக்கொண்டு திறந்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே அவன், ஆவியில், முப்பத்து நாலு வயதுக்கு நரை அதிகம். பதிலுக்காகக் காத்திருக்கிற முகம் இல்லை அது. துண்டை என் தோளில் போட்டுவிட்டு, என்னை எழுப்பி, தான் முக்காலியில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

இப்போது அவன் தலை என் கையில். சாம்பல் நீரை ஊற்றினேன். காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு, என் ஒன்பதாவது வயதில் நான் பனிக்கட்டியால் எறிந்தது, உள்ளே கல் இருந்தது எனக்குத் தெரியாது. கழுத்து தடிமனாக இருக்கிறது. கழுத்தெலும்பு மூன்று தெரிகிறது, மேலிருந்து எண்ணினேன், கோடரி எந்த எலும்பில் இறங்கும் என்று பார்ப்பதற்காக எண்ணவில்லை, ஆனால் எண்ணி முடித்ததும் அதற்காகத்தான் எண்ணியிருக்கிறேன் என்று தெரிந்தது. இவன் ஹெல்கியைப் புதைத்த அன்று வந்தான். இடுகாட்டுச் சுவருக்கு வெளியே மழையில் தனியாக நின்றான். உள்ளே வா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான். ஐவிண்ட் பக்கத்தில் இருந்தார், சொல்லவில்லை. எனக்கு எதுவும் சொல்லாமலிருப்பது நன்றாக வருகிறது. இவன் செத்தால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். மேற்குத் தீவுக்காரர்கள் ஒரு மாதம் கத்துவார்கள். இருக்கை முழுக்க எனக்கு. முற்றத்தில் யாருடைய நாய் முதலில் சாப்பிடுவது என்று சண்டை இருக்காது. சனிக்கிழமை ஆசா கழுவிவிடுவாள், அது வெறும் குளியல். விரல்கள் தாமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தன, இவன் செய்கிற மாதிரியே, நெற்றியிலிருந்து பின்னுக்கு, பின்னிலிருந்து காதுக்கு. இதை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இவன்தான். எட்டு வயதில் நான் இவன் தலையைப் பிடுங்குகிற மாதிரி தேய்த்தபோது, "மெதுவாடா, கோழியா உரிக்கிற" என்று என் கையைப் பிடித்துக் காட்டினான். கட்டுப் போட்ட கையால்.

"கை நடுங்குது உனக்கு," என்றான். கண் மூடியேதான் இருந்தது. "குளிருது." "குளிருதுன்னா ஒண்ணு செய்யலாம். நான் முதல்ல போறேன். நீ ஆவியில கொஞ்சம் உக்காந்து காய்ஞ்சுட்டு வா. முறை கிறையெல்லாம் கிடக்கட்டும்." எல்லாம் நின்றுவிட்டது. கல்லில் ஈரம் சுருங்குகிற சத்தம் மட்டும். சரி என்றால் போதும். அதுவும் ஒரு பதில்தான், கேட்டது அவன், குளிருகிறவன் நான். என் நாக்கு மேலண்ணத்துக்குப் போய்ச் 'ச' என்ற எழுத்துக்குத் தயாராக நின்றது. இவனுக்குத் தெரியும். விறகு அடுக்குக்குப் பின்னால் யார், எதற்காக என்று தெரிந்துதான் கழுத்தை நீட்டிக் கேட்கிறான். அன்று தேவாலயத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான், இன்று கழுத்தை. அன்றும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உன் வாயில் என்ன வருகிறதோ அதுதான் என்று. எனக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு வயதாகிறது, இவன் இன்னும் என்னைச் சொல்ல வைக்கிறான், மற்றவர்கள் எல்லாரும் என் மௌனத்தை வைத்தே பிழைத்துக்கொள்கிறார்கள், இவனுக்கு மட்டும் சொல் வேண்டும். "வேண்டாம், அண்ணா," என்றேன். "என் முறை." தண்ணீரை ஊற்றினேன், ஒன்று, இரண்டு, மூன்று. அவன் தோள் மெல்ல இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அது ஏறித்தான் இருந்திருக்கிறது.

உடுத்திக்கொண்டேன். முக்காட்டுத் துண்டை ஆணியிலேயே விட்டேன். கதவின் மரத்தாழ்ப்பாளில் கை வைத்தபோது, ஏதோ ஒன்று தவறு என்று தோன்றியது. வெறும் தலையோடு போகிறேன். ஐவிண்ட் என் முகத்தைப் பார்ப்பார், கோடரியை இறக்குவார். பிறகு? பிறகு நான் மண்டபத்துக்குப் போய் மது ஊற்றுவேன். பிறகு கதவு இன்னொரு முறை திறக்கும். முக்காடு போட்ட ஒருவன் வருவான். குடிலுக்குள் இருந்தது இரண்டே பேர். வெறும் தலையோடு போனால் நான் ஐவிண்டுக்குச் சொல்கிற செய்தி, நான் இல்லை, அடுத்தவன் என்பதுதான். என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த உபாயம் அவனைக் காட்டிக்கொடுக்கிற உபாயமாகவும் இருக்கிறது. எவ்வளவு வசதி. ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்துவிடும், பறவை வேண்டுமானால் குறுக்கே ஓடட்டும். தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உச்சிவேளை, ஆனாலும் சூரியன் கூரைக்கு மேலே ஏறவில்லை. ஒன்று. இரண்டு. பனி காலடியில் நெறுநெறுக்கிறது. நெற்றியில் விழுந்த முடி அதற்குள் விறைத்துக்கொண்டது. ஐந்து. ஆறு. பதினைந்து வயதில் கையில் இரும்போடு இவன் எதை நினைத்துக்கொண்டு நடந்திருப்பான்? எட்டு. ஒன்பதாவது அடியில் விறகு அடுக்கு. அளந்து வைத்தாற்போல. பின்னாலிருந்து ஐவிண்ட் எழுந்தார். தாடியில் பனி. கோடரி தொடைக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே இருந்தது, வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "முக்காடு போடலியா ராஜா? சளி பிடிச்சுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, அதே சின்னக் கேள்வி. "அப்ப அடுத்து வர்றது அவன்தான?"

"இல்ல," என்றேன். வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன முதல் 'இல்லை' அது, கொஞ்சம் கீச்சென்று வந்தது. "அவன் இல்லியா?" "அடுத்து வர்றது என் அண்ணன்." ஐவிண்ட் என்னையே பார்த்தார். ராஜா என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. "அப்ப ஹெல்கி உனக்கு யாருடா?" ஹெல்கியின் உடம்புச் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது, குளிர்கால ராத்திரிகளில் அவன் பாதத்தை என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்குவான். "அவனும்தான்," என்றேன். எனக்கு அழுகை வந்தது, வெளியே வந்த இடத்திலேயே உறைந்துவிடுமோ என்ற வேண்டாத யோசனையும் வந்தது. விறகு பிளக்கிற முண்டில் உட்கார்ந்துவிட்டேன், அடுக்குக்கும் பாதைக்கும் நடுவில். இந்தப் பக்கமிருந்து யார் போனாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்ற நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐவிண்டின் மூச்சு என் தலைக்கு மேல் வெள்ளையாக வந்துபோனது. கோடரி இறங்கிய சத்தத்தில் என் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. பக்கத்துக் கட்டையில் இறங்கியிருந்தது, பாதி வரைக்கும். ஊற்றிலிருந்து இரண்டு வாளியோடு வந்த ஆசா நின்று பார்த்தாள். "விறகு பொளக்க அஞ்சு பேரா?" என்றாள்.

கதவு திறந்தது. முக்காடு போட்ட ஒருவன் வந்தான், கோயிலுக்குப் போகிறவன் நடக்கிற நடையில். ஒன்பதாவது அடியில் நின்றான். கட்டையில் நின்ற கோடரியைப் பார்த்தான், ஐவிண்டைப் பார்த்தான், முண்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தான். முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டு அழுத்தினான், உறைந்த முடி நொறுங்குகிற சத்தம் காதுக்குள் கேட்டது. "மது ஊத்தி வைக்கலியா?" "இல்ல." "சரி. அடுத்த வாரம் என் முறை." "இல்ல," என்றேன், இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. "அடுத்த வாரமும் நான்தான் முதல்ல வருவேன். அதுக்கடுத்த வாரமும். எல்லா வாரமும். வந்து, நீ வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன்." அதை ஐவிண்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "அது முறை இல்லியே!" என்றாள் ஆசா. ஸ்டெய்னார் சொரசொரத்த கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு எழுந்தேன். "நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல," என்றான்.

"இருக்கை ரொம்பப் பெரிசா இருந்துச்சு, அண்ணா. கால் எட்டல."

அவன் என் காலைப் பார்த்தான். மண்டபத்துக்கு இன்னும் பதினோரு அடி இருக்கிறது. ஐவிண்ட் கட்டையிலிருந்து கோடரியைப் பிடுங்குகிற சத்தம் பின்னால் கேட்கிறது. அவனை முன்னால் விட்டுவிட்டு, முக்காட்டோடு நான் பின்னால் நடக்கிறேன்.